தாழ்ப்பாள் அக்கா

எழுத்தாளர் வீட்டைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மேனேஜர் ஐந்தைந்து பேராகப் பிரித்துத்தான் அனுப்புவார். அந்தச் சாமான் அறை அதற்கு மேல் ஆள் தாங்காது. உள்ளே போகிறவர்கள் செல்போனை அணைத்துவிட வேண்டும், பேசக் கூடாது, நெஞ்சுவலிக்காரர்கள் வெளியிலேயே நின்றுகொள்ளலாம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு குரலை இறக்குவார்.

"நம்ம எழுத்தாளரைச் சின்ன வயசுல அவரோட சொந்த அக்காவே அடைச்சுப் போட்ட ரூம் இதுதான். நாவல்ல மூணாவது அத்தியாயம். இன்னிக்கு உங்களை அடைக்கப்போறது யாருன்னு தெரியுமா?"

கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் எழுந்திருப்பாள்.

"அதே அக்கா!"

சிலர் கை தட்டுவார்கள். சிலர் தங்களை அறியாமல் ஓர் அடி பின்வாங்குவார்கள். அவள் கதவைச் சாத்தி வெளிப்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துப் போடுவாள். அது கிறீச்சிட்டுக்கொண்டு போய் 'டக்'கென்று விழும். அதற்கு எண்ணெய் விடக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. உள்ளே முதலில் சிரிப்பு கேட்கும். அப்புறம் சிரிப்பு நிற்கும். யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்ததும் மேனேஜர் கண்ணைக் காட்டுவார், அவள் திறப்பாள்.

வெளியே வருகிறவர்களுக்கு அவளைப் பார்க்காமல் போக முடியாது. அன்று ஒரு டீச்சரம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு."

"ஐயோ பாவம்," என்றாள் டீச்சரம்மா. பாவம் யார் என்று சொல்லவில்லை. தெரிந்ததுதானே.

பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள் செல்ஃபிக்கு நின்றார்கள். "அக்கா, கொஞ்சம் முறைங்களேன்!"

அவள் இடது கண்ணைச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்தாள். இது தானாக வந்ததல்ல. ஆரம்பத்தில் அவளுக்கு முறைக்கவே தெரியாது. "அம்மா, நீங்க பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க. இவ்வளவு தூரம் வந்த ஜனம் ஏமாந்து போகுது," என்று மேனேஜர் குறைப்பட்டுக்கொண்டார். நல்ல மனுஷர்தான். முன்பு துணிக்கடையில் கூட்டம் சமாளித்தவர், எதை எங்கே தொங்கவிட்டால் ஜனம் நிற்கும் என்று தெரிந்தவர். கண்ணாடிக்கு முன் நிற்க வைத்து அவரே சொல்லிக்கொடுத்தார். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முறைப்பாள்.

வீடு தம்பி பெயரில் இருந்தது. அவன் அதை வாசகர்கள் சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்குக் கொடுத்தான். அந்த நேரத்தில்தான் அவள் புருஷன் போய்ச் சேர்ந்திருந்தார். போக்கிடம் இல்லாதவளுக்கு அடுப்படிக்குப் பின்னால் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், தாழ்ப்பாள் போட வேண்டும். முதலிரண்டும் அவளுக்குப் பழக்கம்தான். அவள் பிறந்து வளர்ந்து பெருக்கித் துடைத்த வீடுதானே அது.

நடந்தது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா செத்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு எட்டு. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருந்தால் தூங்குவார், எழுந்தால் போய்விடுவார். அவள் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினாள், அது அங்கேயே தங்கிவிட்டது. தம்பி பள்ளிக்கூடம் போனான். சாயங்காலம் திரும்பி வந்ததும் நூலகப் புத்தகமும் டார்ச் லைட்டுமாக நேரே சாமான் அறைக்குள் நுழைந்துகொள்வான். நுழைந்த கையோடு தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

"சாப்பிட வாடா."

"இந்தப் பக்கம் முடியட்டும்."

"சோறு ஆறுதுடா."

"போக்கா, தொல்லை பண்ணாத."

தட்டித் தட்டி விரல் மொளி சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் கதவுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகத் தட்டைத் தள்ளினாள். தட்டு மட்டும்தான் நுழையும். டம்ளர் நுழையாது. தண்ணீருக்காவது அவன் கதவைத் திறந்தாக வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காக டம்ளரைப் பிடித்துக்கொண்டு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். விக்கல் எடுத்தால் அவளுக்குச் சந்தோஷம். கதவு சீக்கிரம் திறக்கும், தம்பி முகத்தைப் பார்க்கலாம்.

நாவலில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போய்விட்டது. தட்டு, நாய்க்குத் தள்ளுவதுபோல் தள்ளப்பட்டது. அந்த அத்தியாயத்தில் ஜனம் அதிகமாக அழுவது தண்ணீருக்குத்தான். விக்கலோடு பையன் கெஞ்சுகிறான். கதவுக்கு வெளியே டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

புத்தகம் வந்தபோது அவள் பெண் தொட்டிலில் கிடந்தாள். புருஷன் தையல்காரர். மச்சான் எழுதிய புத்தகம் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, ராத்திரி அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மூன்றாவது அத்தியாயத்தில் பாதியில் குரல் இறங்கியது. மூடி வைத்துவிட்டு, "தூக்கம் வருது," என்றார். மறுநாள் சாப்பிடும்போது, "நான் உன்னை நம்பறேன். ஆனா கடையில கேக்கறாங்க," என்றார். சாகிற வரைக்கும் அந்த 'ஆனா' அவர்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அந்த அத்தியாயத்தைப் பள்ளிப் பாடத்தில் வைத்தார்கள். எழுத்தாளரின் மருமகளே வகுப்பில் இருக்கும்போது வேறு யார் படிப்பது? டீச்சர் பெண்ணை எழுப்பிப் படிக்கச் சொன்னார். அவள் நின்றுகொண்டு கடைசி வரை படித்தாள். பரீட்சையில் கேள்வி வந்தது: 'தாழ்ப்பாள் அக்காவின் குணநலன்களை விவரி.' பெண் பக்கம் பக்கமாக எழுதினாள். முழு மதிப்பெண். திருத்திய தாளைக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டாள்.

"தாழ்ப்பாள் உள்பக்கம்டி. உங்க மாமாவே போட்டுக்குவான்."

"நீ வேற எப்படிச் சொல்வே?" என்றாள் பெண். "நான்தான் அடைச்சேன்னு எவளாவது சொல்வாளா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, கிட்டத்தட்ட எல்லாப் பேச்சுமே முடிந்தது. பெண் படித்தாள், ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். எப்போதாவது வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவாள். இப்போது மாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு நான் வந்து இருக்கட்டுமா என்று அம்மா போனில் கேட்டாள்.

"வேணாம்மா. அத்தை பாத்துப்பாங்க." அத்தை என்றால் மாமியார். பிறகு, மறைக்கத் தெரியாதவளாக, "குழந்தையை உன்கூடத் தனியா விட்டுட்டு என்னால கண்ணை மூட முடியாதும்மா," என்றாள்.

போனை வைத்துவிட்டு அவள் சாமான் அறையைப் பெருக்கப் போனாள். கதவின் உள்பக்கத்தில், இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு குழிகள் இருக்கும். பெருக்கும்போதெல்லாம் அவள் விரல் அங்கே போய்விட்டு வரும்.

அந்தக் குழிகளுக்கும் ஒரு கதை உண்டு. வீட்டைச் செப்பனிட்டபோது தச்சர் பழைய கதவைப் புரட்டிப் பார்த்து, "சார், தாழ்ப்பாள் இந்தப் பக்கம்ல இருந்திருக்கு. திருகாணி ஓட்டை பாருங்க," என்றார்.

"நாவல்ல வெளியேதான் இருக்கு," என்றார் மேனேஜர்.

"கதவு சொல்றதைச் சொல்றேன் சார்."

"யோவ், கதவைப் பாக்கவா ஜனம் வருது? நாவலைப் பாக்க வருது."

அவள் துடைப்பத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "அவர் சொல்றதுதாங்க சரி," என்றாள். மேனேஜர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அம்மா, உங்க கஷ்டம் புரியுது. உள்பக்கம் வெச்சா இது சாமான் ரூம். வெளிப்பக்கம் வெச்சாத்தான் மியூசியம்." தச்சர் தோளைக் குலுக்கிவிட்டு மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டைகளை அடைத்தார். காயக் காய அது உள்வாங்கிக்கொண்டது. மேலே வர்ணம் அடித்தும் குழி போகவில்லை.

நாவலின் வெள்ளிவிழாவுக்குத் தம்பி நேரில் வருகிறான் என்று மேனேஜர் துள்ளிக்கொண்டு வந்து சொன்னபோது, அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. பெண்ணுக்குப் போன் போட்டாள். "உங்க மாமா வர்றான். நீயும் வா. நான் சொன்னா நம்ப வேணாம், அவன் வாயால கேளு." நாற்காலி நுனியில் உட்கார்ந்தாவது கேட்டுவிட்டுப் போகட்டும். பெண் வருகிறேன் என்றாள். மாமாவைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருந்தது.

விழாவன்று வீட்டுக்கு எதிரே தெருவை மறித்து மேடை போட்டார்கள். தம்பி காரிலிருந்து இறங்கியதும் பூச்செண்டுகளைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் பின்னால் வந்தான். கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்னக்கா, என்னை விட நீ பேமஸ் ஆயிட்டியாமே! மேனேஜர் சொல்றார், என் போட்டோவுக்கு முன்னால ஒருத்தனும் நிக்கறதில்லையாம்."

"எனக்கு ஒண்ணு செய்யணும்டா நீ."

"சொல்லு."

"என் பொண்ணு வெளிய உக்காந்திருக்கா. தாழ்ப்பாள் உள்ளதான் இருந்துச்சுன்னு அவ காதுல விழற மாதிரி சொல்லிடு. போதும்."

தம்பி சிரித்தான். "இன்னுமா அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கே? கதைக்கா அது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா அவன் திமிர் பிடிச்ச பையன். வெளிய போட்டாத்தான் அவன் ஹீரோ."

"நான்?"

தம்பி கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினான். "நெஜமாச் சொல்லணும்னா, எழுதி எழுதி, பேட்டி குடுத்துக் குடுத்து, இப்ப எனக்கே வெளிப்பக்கம்தான் ஞாபகத்துல இருக்கு."

"தண்ணி எப்படிக் குடிச்சே?"

"என்ன?"

"தட்டு கீழ வழியா வந்துடும். டம்ளர் நுழையாதே. தண்ணி எப்படிடா குடிச்சே?"

தம்பி இரண்டு விரலை விரித்து இடுக்கின் உயரத்தை அளந்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, "நான்தான் திறப்பேன்," என்றான். "நீ இப்படி உக்காந்திருப்பே. டம்ளருக்கு மேல கையை வெச்சு மூடிக்கிட்டு." அவன் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "சொல்றேன்க்கா. அவகிட்ட மட்டும் என்ன, மைக்குலயே சொல்றேன். எல்லாருக்கும் முன்னால. சத்தியமா."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அழுதானே.

பெண் முதல் வரிசையில், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவை மேடையில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தெரு நிறைய தலைகள். மாடிகளிலும் ஆட்கள். தம்பி மைக்கைப் பிடித்ததும் சத்தம் அடங்கியது.

"இன்னிக்கு உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லப்போறேன். இத்தனை வருஷமா சொல்லாதது. என் அக்காவைப் பத்தி."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "வேண்டாம் சார், அந்தம்மா பேச்சை எடுக்காதீங்க!" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. "ஒரு வாய் தண்ணி குடுக்காதவங்க!" என்றது இன்னொரு குரல். யாரோ விசும்பவே தொடங்கிவிட்டார்கள்.

தம்பி நிறுத்தினான். கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். அத்தனை முகமும் ஒன்றுக்காகக் காத்திருந்தது. எட்டு வயதில் பக்கம் முடிகிற இடத்துக்கு வந்ததும் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான், கதவுக்கு வெளியிலிருந்தே அவளுக்குக் கேட்கும். இப்போதும் பிடித்துக்கொண்டான். மைக்கில் கேட்டது.

"அந்த உண்மை என்னன்னா," என்றான். குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, அவனுக்கு உண்மையாகவே உடைந்தது. "நான் அவளை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

தெருவே எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவில்லை. தம்பி நடந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவன் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. காதோரம், "மன்னிச்சுக்கோக்கா, ஜனம் தாங்காதுக்கா," என்றான். அவன் கேட்ட மன்னிப்பு அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவன் கொடுத்த மன்னிப்பு மாடி வரை கேட்டிருந்தது.

மேனேஜர் ஓடிவந்து மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். "அம்மா, ரெண்டே ரெண்டு வார்த்தை."

தாழ்ப்பாள் உள்பக்கம். இரண்டே வார்த்தைதான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அவள் பெண்ணைப் பார்த்தாள். பெண் அழுதுகொண்டிருந்தாள். நாற்காலி நுனியில் இல்லை, எழுந்து நின்று மேடையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஓடிவந்த வயதுக்குப் பிறகு, அவள் அம்மாவைப் பார்த்துக் கை நீட்டியதே இல்லை.

தப்புச் செய்யாத அம்மாவைப் பெண் ஒரு நாளும் நம்பியதில்லை. தப்புச் செய்த அம்மாவை இதோ கட்டிக்கொள்ளத் தயாராக நிற்கிறாள். மேனேஜர் மைக்கை இன்னும் கொஞ்சம் நெருக்கினார்.

"அடைச்சேன்," என்றாள் அவள். "தப்புத்தான்."

அவ்வளவு கைதட்டலை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டிருக்காது.

விழா முடிந்ததும் கூட்டம் வீட்டுக்குள் திமுதிமுவென்று புகுந்தது. தம்பி கையெழுத்துப் போட உட்கார்ந்தான். அவள் ஸ்டூலுக்குத் திரும்பினாள். பெண் வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இதை அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. நீ பொய் சொன்னதுதாம்மா எனக்குத் தாங்கல. மாமாவே மன்னிச்சிட்டாரு, நான் யாரு?"

"சரிடி."

"நானும் ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கறேன்."

"இந்த உடம்போட எதுக்கு?"

"ஒரு நிமிஷம்தானே. போடு."

பெண் தனியாக உள்ளே போனாள். அக்கா கதவைச் சாத்தினாள். கை தாழ்ப்பாளில் இருந்தது, இழுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவள் போட்டாள். டக். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் கதவை உள்ளிருந்து தடவும் சத்தம். மேலே, கீழே, இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கே அது நின்றது.

மேனேஜர் கண்ணைக் காட்டும் முன்பே அவள் திறந்துவிட்டாள்.

பெண்ணின் முகம் வேர்த்திருந்தது. "பாவம்மா மாமா. எப்படிப் பயந்திருப்பாரு!" புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை விரித்து விரல் நுனிகளைப் பார்த்தாள். "உள்பக்கம் கதவுல ரெண்டு குழி இருக்கும்மா. மேலயும் கீழயும் நேரா. என்னது அது?"

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். வரிசையில் முதலில் நின்றவரும் பார்த்தார்.

"கரையான்," என்றாள் அக்கா. "பழைய மரம்ல."

"ஓ." பெண் விரலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். போவதற்கு முன் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, "பிரசவத்துக்கு வந்துடும்மா," என்றாள்.

அக்கா தலையாட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு. தப்பா எடுத்துக்காத. நீ வர்றதுக்குள்ள வீட்ல எல்லாக் கதவுலயும் தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லிடறேன். எனக்கு ஒரு நிம்மதிக்குத்தான்."

"பாத்ரூம்லயுமா?"

பெண் ஒரு கணம் யோசித்தாள். "அதுலயும்தாம்மா."

"சரி. நான் பாடிக்கிட்டே குளிக்கறேன்."

பெண் சிரித்துவிட்டாள். கண்ணீரும் சிரிப்புமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிக் கையசைத்தாள்.

"அடுத்த அஞ்சு பேர் வாங்க," என்றார் மேனேஜர். "செல்போனை அணைச்சிடுங்க. இன்னிக்கு உங்களை அடைக்கப்போறது யாருன்னு தெரியுமா?"

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, இடது கண்ணைச் சுருக்கினாள்.